சர்ச்ல குடுத்த ரேஷன் பைய கடையில வித்திருக்காங்க, குடுக்கறத நிறுத்திடலாமா இல்ல வேற மாதிரி செய்யணுமா?

லிங்கராஜபுரம்_35 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, ரெண்டு வாரமா மனசுல கெடக்குது.

பெங்களூர்ல ஒரு சின்ன தமிழ் பாப்டிஸ்ட் சபை எங்களுது. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு சின்னவங்க பெரியவங்க எல்லாம் சேர்ந்து ஒரு 90 பேர் வருவாங்க. சர்ச்சுக்கு பின்னாடி ரெண்டு சந்து, முழுக்க ஷீட் போட்ட வீடுங்க, பாதிப் பேரு திருவண்ணாமலை தர்மபுரி பக்கத்துல இருந்து கட்டட வேலைக்கு வந்தவங்க, மீதிப் பேரு மூணு தலைமுறையா இங்கயே இருக்கறவங்க. 2020 லாக்டவுன்ல வேலை நின்னு பஸ்ஸும் நின்னப்போ அந்த சந்துல இருந்து சில குடும்பங்க புள்ளைங்கள தோள்ல தூக்கிக்கிட்டு ஓசூர் ரோட்டப் பாத்து நடந்தே கெளம்புனாங்க, அத நேர்ல பாத்துட்டு சும்மா இருக்க முடியாம ஆரம்பிச்சது தான் இந்த கிட். 5 கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், கோதுமை மாவு, டீத்தூள், ரெண்டு சோப்பு. மாசம் முதல் சனிக்கிழமை 40 குடும்பத்துக்கு, இன்னைக்கு வரைக்கும் ஒரு மாசம் கூட தவறல. வாலிபர் கூட்டத்துல நாங்க ஒரு ஏழெட்டு பேரு பேக் பண்ணுவோம், நான் தான் பொறுப்பு.

போன மாசம் எங்க சபை மூப்பர் ஒருத்தர் முனைக்கடையில பால் வாங்கப் போயிருக்காரு, அங்க பலகை மேல எங்க சபை பேரு சிவப்பு எழுத்துல போட்ட பை, உள்ள எல்லாம் அப்படியே இருக்கு, பிரிக்கவே இல்ல. கடைக்காரர் கிட்ட கேட்டா ஒரு அக்கா 300 ரூபாய்க்கு குடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லியிருக்காரு. எந்த அக்கான்னு எங்களுக்குத் தெரியும், மூணு புள்ளைங்க, வீட்டுக்காரர் பெயின்டிங் வேலை, வாங்கற கூலில பாதி குடிக்குப் போயிடும். லைன்ல எப்பவும் முதல்ல நிக்கிறவங்க அவங்க.

சபையில ஒரே பேச்சு. நம்ம காணிக்கைப் பணம்னு ஒருத்தர், விசாரணை வைக்கணும்னு ஒரு மூப்பர், பேர எடுத்துடுங்கன்னு ஒருத்தர். நான் அவங்க வீட்டுப் பக்கம் போனேன், என்னப் பாத்ததும் கதவ சாத்திக்கிட்டாங்க. அவங்க சின்னப் பொண்ணு தினமும் எங்க ஹாலுக்கு விளையாட வரும், இப்ப அதுவும் வரல. அது தான் எனக்குத் தாங்கல.

இந்த மாசக் கடைசி ஞாயிறு அங்கத்தினர் கூட்டம். கிட் வேணுமா வேணாமான்னு ஓட்டு எடுப்பாங்க. இது மாதிரி ஊழியம் செய்றவங்க, இல்ல வாங்கின பக்கத்துல இருந்தவங்க, யாரா இருந்தாலும் சொல்லுங்க, நாங்க எங்க தப்பு பண்றோம்?


டேனரிரோடு_அக்கா எழுதுனது:

தம்பி, அந்தப் பைய வித்தது நான் இல்ல, ஆனா அதே மாதிரி ஒரு பைய நான் வித்திருக்கேன், அதனால சொல்றேன்.

பதினோரு வருசம் ஆச்சு. அப்போ ஒரு சர்ச்ல எனக்கும் மாசாமாசம் அரிசி குடுத்தாங்க. என் வீட்ல அரிசி இருந்துச்சு. ரேஷன் கார்டு இருக்கற வீட்டுக்கு கர்நாடகா கவர்மென்டோட அன்னபாக்யா அரிசி வந்துடும்பா, 2013ல இருந்து வருது. குழம்புக்கு வழி இல்லாம ரசமும் சோறுமா ஓட்டிருக்கோமே தவிர சோறு இல்லாம படுத்தது அந்த வருசத்துல ரெண்டு மூணு நாள் தான். எனக்கு இல்லாதது திங்கக்கிழமை கட்ட வேண்டிய தவணைக் காசு. குரூப் லோன் எடுத்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். பத்து பொம்பளைங்க ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன், ஒருத்தி கட்டலன்னா மத்த ஒம்பது பேரும் அவ வீட்டு வாசல்ல உக்காருவாங்க, வசூலுக்கு வந்த பையனும் உக்காருவான், பணம் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி, கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ, அன்னைக்கு என் மூஞ்சப் பாத்து கேட்ட கேள்வி இன்னும் காதுல கேக்குது. அரிசியக் கொண்டு போய் தவணை கட்ட முடியுமா சொல்லு? பைய வித்தா காசு. அவ்ளோ தான் கணக்கு.

வித்துட்டு வந்து அழுதேன். தெய்வத்து பேர்ல குடுத்தத வித்துட்டேனேன்னு.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னா அந்த சர்ச் மாதர் சங்கத்துல ஒரு வயசான அம்மா, பேரு வேணாம், ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாங்க. கையில பை இல்ல, நோட்டு இல்ல. பாய் போட்டேன், வேணாம்மா கால் மடங்காதுன்னு குடத்தக் கவுத்து அது மேல உக்காந்தாங்க. என்னம்மா கஷ்டம்னு கேக்கல, "மொத்தம் எவ்ளோ பாக்கி?"ன்னு கேட்டாங்க. எனக்கே தெரியாது தம்பி, அதான் உண்மை. சுவத்துல இருந்த தினசரி காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சு பின்னாடி எழுத ஆரம்பிச்சாங்க. குரூப் லோன் ரெண்டு, தண்டல் ஒண்ணு, நகைய அடகு வச்சது, மளிகைக்கடை, என் அண்ணிகிட்ட வாங்கினது, அப்புறம் நூத்துக்கு மாசம் பத்து ரூபா வட்டிக்கு ஒருத்தர்கிட்ட எடுத்தது. ஏழு கடன். எழுதி முடிச்சதும் அந்தம்மா கடைசி கடன மட்டும் வட்டம் போட்டாங்க, இது தான்மா உன்ன சாப்பிடுது, மத்தது எல்லாம் நின்னு அடைக்கலாம்னாங்க. சபையில கேட்டு அந்த ஒண்ண மட்டும் முழுசா அடைக்க வச்சாங்க. இனாமா இல்ல, வட்டி இல்லாத கைமாத்து. மாசம் 500 ரூபான்னு நான் திருப்பிக் கட்டுனேன், ஒரு மாசம் கூட விடல. காலண்டர் தாள் இன்னும் என் பெட்டியில இருக்கு.

அந்த அக்கா கதவ சாத்துனது உங்க மேல கோவத்துல இல்ல, வெக்கத்துல. நீங்க போகாதீங்க, ஆம்பளப் பையன் போய் நின்னா சந்தே பாக்கும். உங்க சபையில ஒரு அம்மாவ அனுப்புங்க. பைய பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது.


சபை_கணக்கு எழுதுனது:

நான் வேற ஒரு சபையில பொருளாளரா இருக்கேன், அக்கா சொன்னது மனசத் தொட்டுச்சு, ஆனாலும் ஒண்ணு சொல்லியே ஆகணும். காணிக்கை போடறவங்களும் பணக்காரங்க இல்லங்க. எங்க சபையில வீட்டு வேலை செய்ற ஒரு அம்மா மாசம் முதல் வாரம் கவர்ல 200 ரூபா போட்டுக் குடுப்பாங்க, அந்த 200 எங்க போச்சுன்னு அவங்க கேட்டா எனக்கு பதில் இருக்கணும். நல்ல மனசு மட்டும் போதாது, கணக்கு வேணும். கைமாத்து குடுக்கறதுன்னா யாருக்கு, எவ்ளோ, எப்ப திரும்பும்னு எழுத்துல இருக்கணும், மூணு பேரு கையெழுத்து இருக்கணும், வாங்கினவங்க பேரு அந்த மூணு பேரத் தாண்டி வெளிய போகக் கூடாது. திரும்பி வராத பணமும் இருக்கும், அதுக்கும் முன்னாடியே மனச தயார் பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு, வெளிநாட்ல இருக்கற சொந்தக்காரங்க யாராவது உதவி பண்றேன்னு சொன்னா அவசரப்பட்டு சபை அக்கவுன்ட்ல வாங்கிடாதீங்க. வெளிநாட்டுக்காரங்க பணம்னா எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல ரெஜிஸ்ட்ரேஷனோ முன் அனுமதியோ இல்லாம ஒரு ரூபா தொட முடியாது, 2020 திருத்தத்துக்கு அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல அதுக்குன்னு தனி அக்கவுன்ட் வேணும், வாங்கினத இன்னொரு அமைப்புக்கு மாத்திவிடவும் கூடாது. உங்க ஊர் காணிக்கையிலயே எவ்ளோ முடியுமோ அவ்ளோ செய்ங்க, அது தான் நிக்கும்.


கேஜிஎஃப்_ஐயா எழுதுனது:

தம்பி, எனக்கு வயசு 71. அப்பா கோலார் தங்கவயல்ல சுரங்கத்துல வேலை பாத்தவரு, நான் பெங்களூர் வந்து ஒரு ஃபேக்டரில 34 வருசம். சுரங்கம் 2001ல மூடுனப்போ எங்க சொந்தத்துலயே எத்தன குடும்பம் ஒரே மாசத்துல கவுந்துச்சுன்னு பாத்தவன், அதனால ஒரு குடும்பம் எப்படி கீழ போகும்னு எனக்குத் தெரியும், ஒரே நாள்ல போகாது, ஒவ்வொரு சாமானா வீட்ட விட்டு வெளிய போகும். முதல்ல மிக்ஸி, அப்புறம் கட்டில், அப்புறம் பொண்ணோட கொலுசு. உங்க பையும் அந்த வரிசையில ஒண்ணு, அத திருட்டுன்னு பாக்காதீங்க.

உங்க மூப்பர் ஒருத்தர் விசாரணை வைக்கணும்னு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க. அந்த வார்த்தைய வச்சே அவர்கிட்ட பேசுங்க. நம்ம தமிழ் வேதாகமத்துல அப்போஸ்தலர் 6ம் அதிகாரத்த எடுங்க, விதவைகளுக்கு தினமும் சாப்பாடு பங்கிடறதுல குறை வந்துச்சு, அதுக்காக ஏழு பேர தெரிஞ்செடுத்தாங்க, அந்த வேலைக்கு பழைய மொழிபெயர்ப்புல என்ன பேருன்னு பாருங்க, அன்றாட விசாரணை. போலீஸ் விசாரணை இல்ல. ஊர்ல பாட்டிங்க சொல்ற விசாரிப்பு, சாப்டியா, புள்ளைக்கு காய்ச்சல் விட்டுச்சான்னு போய் கேக்கறது. நம்ம சபைங்கள்ல டீக்கன்னு ஒரு பொறுப்பு இருக்கறதே அந்த ஏழு பேர வச்சு தான். பிஷப் கிடையாது, டயோசீஸ் கிடையாது, அந்தந்த சபை அங்கத்தினர் கூடி முடிவு பண்றது தான் பாப்டிஸ்ட் வழி, அப்போ அந்த சந்துல இருக்கற குடும்பத்துக்கு மேல இருந்து ஒரு ஆபீசர் வந்து பதில் சொல்ல மாட்டாரு, நீங்க 90 பேரு தான் சொல்லணும்.

நம்ம ஆளுங்க இத எப்படி செஞ்சிருக்காங்கன்னு உங்க கூட்டத்துல சொல்லுங்க. ஆந்திரா பக்கம் ஓங்கோல்ல ஜான் கிளவ்னு ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி, 1876ல இருந்து 78 வரைக்கும் வந்த அந்த தாதுவருஷப் பஞ்சத்துல அவரு சும்மா கஞ்சி மட்டும் ஊத்தல, பக்கிங்காம் கால்வாய்ல மூணரை மைல் வெட்டற கான்ட்ராக்ட எடுத்து ஜனங்களுக்கு கூலி குடுத்தாரு. ஞானஸ்நானம் குடுங்கன்னு கூட்டம் கூட்டமா கேட்டாங்க, அவரு குடுக்கல, நிவாரண வேலை நடக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்கல, சோத்துக்காக வந்தாங்கன்னு ஒரு பேச்சு வரக் கூடாதுன்னு. எல்லா உதவியும் முடிஞ்சு, இனிமே குடுக்க ஒண்ணும் இல்லன்னு ஆன பிறகு தான் 1878 ஜூலை 3ம் தேதி ஒரே நாள்ல 2,222 பேருக்கு குண்டலகம்மா ஆத்துல முழுக்கு ஞானஸ்நானம் நடந்துச்சு. ரெண்டையும் பிரிச்சு வச்சாரு பாத்தீங்களா, அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

நம்ம பக்கத்துல கொல்லிமலை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்ல இருந்து ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின், மலை மேல வீடு கட்டிப் போய் உக்காந்தவங்க. உடம்புல இருந்து நரம்புச்சிலந்திப் புழுவ இழுத்து எடுக்கறதுல இருந்து தச்சு வேலை கத்துக் குடுக்கறது வரைக்கும் செஞ்சாங்க. அவரு 1929ல காய்ச்சல்ல அங்கயே செத்தாரு, அந்தம்மா கெழவியான பிறகும் மலைய விடல. அவங்க மகன் தான் வேலூர் சிஎம்சில தொழுநோயாளிங்க கைய ஆபரேஷன் பண்ணி மடக்க நீட்ட வச்ச டாக்டர் பால் பிராண்ட். நம்ம ஹெப்பால் பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரி எடுத்துக்கோங்க, 1973ல அமெரிக்க சதர்ன் பாப்டிஸ்ட்காரங்க ஆரம்பிச்சது, 1989ல இருந்து நிர்வாகம் வேலூர் சிஎம்சி கைக்கு வந்துச்சு, ஆஸ்பத்திரி கட்டிடத்தோட நிக்காம வீடு வீடா போற பழக்கம் அங்க இன்னைக்கும் இருக்கு. இவங்க யாரும் ஜனங்கள லைன்ல நிக்க வச்சு பெரிய ஆளானவங்க இல்ல தம்பி, ஜனங்க இருக்கற எடத்துக்குப் போனவங்க.

நியூயார்க்ல ரவுஷன்புஷ்னு ஒரு பாஸ்டர், 1886ல இருந்து 11 வருசம் ஏழைங்க பேட்டை பக்கத்துல ஒரு ஜெர்மன் பாப்டிஸ்ட் சபைல இருந்தாரு. சின்னப் பிள்ளைங்கள அடுத்தடுத்து அடக்கம் பண்ணிப் பண்ணி தான் அவரு மனசு மாறுச்சு, பிரசங்கம் மட்டும் பத்தாது, வீடு, கூலி, வேலை நேரம் இதையும் பேசணும்னு. எதுக்கு சொல்றேன்னா உங்க மூப்பர் யாராவது இது நம்ம வேலை இல்லன்னு எழுந்து சொன்னா, நம்ம வேலை தான்னு சொல்ல உங்க பின்னாடி இத்தன பேரு இருக்காங்க.


ஈஜிபுரா_நண்பன் எழுதுனது:

நான் கிறிஸ்டியன் இல்ல, இந்து. எங்க ஏரியாவுலயும் ஒரு பாப்டிஸ்ட் சபைக்காரங்க சாயங்காலம் ட்யூஷன் நடத்தறாங்க, என் தங்கச்சி பசங்க ரெண்டு பேரும் அங்க தான் படிச்சாங்க. அதனால பக்கத்து வீட்டுக்காரனா ரெண்டு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஒண்ணு, பையில இருக்கற அந்த சிவப்பு எழுத்த எடுத்துடுங்க. பேரு இல்லாத வெள்ளப் பை போதும். பேரு போட்ட பைய தூக்கிட்டு சந்துல நடந்தா ஊருக்கே தெரியும் இவங்க இன்னைக்கு வாங்கிட்டு வராங்கன்னு. அதே மாதிரி குடுக்கும்போது போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. எங்க தங்கச்சி பொண்ணு எட்டாவதுல இருந்தப்போ நோட்டு வாங்கின போட்டோவ எவனோ ஃபார்வர்ட் பண்ணி கிளாஸ்ல காட்டி, அந்தப் புள்ள ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகல.

ரெண்டாவது, இது நாசூக்கான விஷயம் தான் ஆனா பேசணும். கர்நாடகாவுல 2022ல வந்த மதமாற்ற தடைச் சட்டத்துல ஆசை காட்டறதுன்னா என்னன்னு எழுதியிருக்கறதுல பணம், பொருள், மதம் சார்ந்த ஸ்கூல்ல இலவசப் படிப்பு எல்லாம் வருது. அடுத்த வருசம் கேபினட்ல அத ரத்து பண்ண முடிவு பண்ணாங்க, ஆனா சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சந்துல இருக்கற சந்தேகத்த கேபினட் ரத்து பண்ண முடியாது இல்லயா. எங்க ஏரியா பாஸ்டர் ஒரு காரியம் பண்ணாரு. ட்யூஷன் ஆரம்பிச்ச முதல் நாளே பெத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு, கோயில் கமிட்டி பெரியவரையும் மசூதி பக்கத்துல இருக்கற பாய் ஒருத்தரையும் பக்கத்துல உக்கார வச்சு, ட்யூஷன் நேரத்துல ஜெபம் இல்ல, பாட்டு இல்ல, ஞாயித்துக்கிழமை வரலன்னா எந்தப் புள்ளையும் இங்க இருந்து அனுப்ப மாட்டோம்னு சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த வார்த்தைய காப்பாத்தறாரு. மாரியம்மன் திருவிழாவுக்கு கூழ் ஊத்தும்போது முதல் குவளை அவருக்குத் தான் போகும். கேஜிஎஃப் ஐயா சொன்ன ஓங்கோல் விஷயம் எனக்குப் புதுசு, படிச்சதும் எங்க பாஸ்டர் ஞாபகம் தான் வந்துச்சு.


மாலை_வகுப்பு எழுதுனது:

நான் பெங்களூர்லயே வேற ஒரு சபையில ட்யூஷன் எடுக்கறேன், ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. கிட் குடுக்கறத நிறுத்தாதீங்க, ஆனா யாருக்குப் போகுதுன்னு பாருங்க. எங்க சந்துல நாங்க வீடு வீடா போய் பாத்தப்போ தெரிஞ்சது, பிபிஎல் கார்டு, அதாவது வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கான ரேஷன் கார்டு இருக்கற குடும்பத்துக்கே நாங்களும் அரிசி குடுத்துட்டு இருந்தோம், கார்டே இல்லாத கட்டட வேலைக்காரங்களுக்கு ஒண்ணும் போகல, ஏன்னா அவங்க சனிக்கிழமையும் வேலைக்குப் போயிடுவாங்க, லைன்ல நிக்க ஆள் இல்ல. தமிழ்நாட்டு கார்டு வச்சிருக்கறவங்களுக்கு ஒரே நாடு ஒரே ரேஷன்ல இங்கயே மத்திய அரசு பங்கு அரிசி வாங்கலாம், முன்னுரிமை கார்டா இருக்கணும், ஆதார் சேர்த்திருக்கணும், இது அங்க முக்காவாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது. கூட ஒரு ஆள் ரேஷன் கடைக்குப் போய் நின்னா காரியம் ஆகுது, தனியா போனா "நெட்வொர்க் இல்ல, நாளைக்கு பா"ன்னு அனுப்பிடறாங்க.

கட்டட வேலைக்காரங்களுக்கு லேபர் கார்டு போட்டுக் குடுங்க. 18ல இருந்து 60 வயசுக்குள்ள, கடைசி ஒரு வருசத்துல 90 நாள் வேலை செஞ்சிருந்தா நல வாரியத்துல பதியலாம், புள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை அதுல வருது. குடும்பத் தலைவிக்கு கர்நாடகா கவர்மென்ட் கிருகலட்சுமின்னு மாசம் 2,000 ரூபா 2023ல இருந்து குடுக்கறாங்க, உங்க சந்துல எத்தன அக்காமாருக்கு ரேஷன் கார்டுல குடும்பத் தலைவின்னு பேரு மாத்தாம நின்னு போயிருக்குன்னு கேட்டுப் பாருங்க. எங்க சந்துல ஆறு பேரு. செத்துப் போன மாமியார் பேரு அப்படியே இருந்துச்சு. ஆஸ்பத்திரி செலவுக்கு ஆயுஷ்மான் பாரத் ஆரோக்ய கர்நாடகான்னு கவர்மென்ட் திட்டம், பிபிஎல் குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும், அதையும் யாராவது உக்காந்து எடுத்து சொல்லணும். உங்க வாலிபர் கூட்டத்துல லேப்டாப் வச்சிருக்கற பசங்க இருப்பாங்க இல்லயா, பேக் பண்ற அந்த சனிக்கிழமையில ரெண்டு மணி நேரம் இதுக்கு உக்காரட்டும்.

படிப்பு விஷயத்துல, ஆர்டிஇ சீட், அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல ஏழைப் புள்ளைங்களுக்கு பிரைவேட் ஸ்கூல்ல ஒதுக்கற 25 பர்சென்ட் இலவச சீட், வாங்கித் தரோம்னு யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க. 2019-20 படிப்பு வருசத்துல இருந்து கர்நாடகாவுல ரூல மாத்திட்டாங்க, பக்கத்துல கவர்மென்ட் ஸ்கூல் இருந்தா பிரைவேட் ஸ்கூல் அந்த 25 பர்சென்ட்ல சேர்க்க வேண்டியதில்ல. நம்ம பசங்களுக்கு இடிக்கறது கன்னடம். வீட்ல தமிழ், சந்துல உருது, ஸ்கூல்ல கன்னடம், மூணையும் பேசும், ஒண்ணையும் எழுதாது. நாங்க முதல் ரெண்டு வருசம் இங்கிலீஷும் கணக்கும் மட்டும் சொல்லிக் குடுத்துட்டு, பசங்க ஏன் பெயிலாகறாங்கன்னு முழிச்சிட்டு இருந்தோம். ஒரு கன்னட டீச்சரம்மா வாரத்துல மூணு நாள் வர ஆரம்பிச்ச பிறகு தான் மாற்றம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், நிறைய புள்ளைங்க படிக்க வரல. ஒரு பொண்ணு, ஏழாவது, 7:30க்கு ட்யூஷன் முடிஞ்சாலும் கெளம்ப மாட்டா. பெஞ்ச துடைப்பா, பென்சில் எல்லாம் சீவி வப்பா, நான் பூட்ட எடுத்தாலும் இன்னும் அஞ்சு நிமிஷம் மிஸ்னு நிப்பா. ஒரு நாள் கூடவே வீட்டுக்குப் போனேன், வாசல்லயே அவங்க அப்பா சத்தம். அப்போ தான் புரிஞ்சது அந்தப் புள்ளைக்கு எங்க ஹால்ல ஒரு ட்யூப் லைட்டும் சத்தம் இல்லாத ஒரு மூலையும் தான் வேணும்னு. அதுக்கப்புறம் பூட்டற நேரத்த 9 மணியா மாத்திட்டோம், ரெண்டு ரெண்டு அம்மாமாரா முறை போட்டு உக்காருறோம். வியாழக்கிழமை அதே ஹால ஏஏ மீட்டிங்குக்கு, குடிய விட நினைக்கறவங்க கூடற கூட்டத்துக்கு, குடுத்திருக்கோம், பீஸ் கிடையாது, பேரு கேக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணோட அப்பா ரெண்டு தடவ வந்தாரு, அப்புறம் விட்டுட்டாரு, இப்ப திரும்ப வராரு. ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில போதை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கு, கூட்டிட்டுப் போக ஆள் வேணும், அதான் நம்ம வேலை.

அக்கா சொன்ன குரூப் லோன் விஷயத்துல ஒண்ணு சேர்த்துக்கறேன். ரிசர்வ் பேங்க் 2022 ரூல்படி மைக்ரோ லோன் வாங்கினவங்களுக்கு காலைல 9க்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்கு மேலயும் போன் பண்ணக் கூடாது, எல்லா லோன் தவணையும் சேர்த்து வீட்டு மாச வருமானத்துல பாதிய தாண்டக் கூடாது. லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விட்டு மிரட்டி வசூல் பண்றவங்களுக்கு 2025 பிப்ரவரில கர்நாடகா கொண்டு வந்த சட்டத்துல 10 வருசம் வரைக்கும் ஜெயில். இத ஒரு பேப்பர்ல தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதி ஹால் சுவத்துல ஒட்டி வச்சோம். வசூலுக்கு வர்ற பையனே நின்னு படிச்சிட்டுப் போனான்.


டேனரிரோடு_அக்கா எழுதுனது:

பொருளாளர் ஐயா சொன்னதுல எனக்கு ஒத்துப் போகுது. நான் திருப்பிக் கட்டும்போது அந்தம்மா ஒவ்வொரு தடவையும் சீட்டுல கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க, அது எனக்கு எவ்ளோ பெரிய மரியாதையா இருந்துச்சு தெரியுமா. இனாம் வாங்கினவ இல்ல, கட்டுறவ. ஆனா எல்லாருக்கும் கட்ட முடியாது, அதுவும் இருக்கு.


லிங்கராஜபுரம்_35 எழுதுனது:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன்.

அங்கத்தினர் கூட்டம் முடிஞ்சது. கேஜிஎஃப் ஐயா, அந்த அன்றாட விசாரணைய நான் சொல்லல, விசாரணை வைக்கணும்னு சொன்ன மூப்பர் வீட்டுக்கு முன்னாடி நாள் போய் இந்த த்ரெட்ட படிச்சுக் காட்டினேன், அவரே கூட்டத்துல எழுந்து வேதாகமத்த விரிச்சு வாசிச்சாரு. வாசிச்சு முடிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நான் முதல்ல போறேன்னாரு. ஓட்டு எடுக்க வேண்டிய தேவையே வரல.

கிட் குடுக்கறத நிறுத்தல. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டு பேரா எல்லா வீட்டுக்கும் போறதுன்னு முடிவு. போனோம். 40ல 26 வீட்ல கார்டு இருக்கு, அரிசி வருது, அவங்களுக்கு அரிசிக்கு பதிலா பருப்பும் எண்ணெயும் கூடுதலா குடுக்கறோம். கட்டட வேலைக்காரங்க 11 குடும்பம் எங்க லிஸ்ட்லயே இல்ல, அவங்களுக்கு ராத்திரி 8 மணிக்கு மேல வீட்டுக்கே கொண்டு போய் குடுக்கறோம், பேரு போடாத பையில. லேபர் கார்டுக்கு 5 பேரோட பேப்பர் ரெடி. கைமாத்து நிதிக்கு சபையில முதல் தடவையா தனி நோட்டு போட்டாச்சு, மூணு கையெழுத்து, அதுல ரெண்டு பேரு பெண்கள்.

அந்த அக்கா வீட்டுக்கு எங்கம்மாவ அனுப்புனேன். முதல் நாள் கதவு தெறக்கல. ரெண்டாவது நாள் தெறந்துட்டு நின்னுட்டே பேசுனாங்களாம். மூணாவது நாள் எங்கம்மா வர நேரமாச்சேன்னு நான் சந்து முனையில நின்னேன், ஒன்றரை மணி நேரம் கழிச்சு கையில ஒரு நோட்டுப் பேப்பரோட வந்தாங்க. காலண்டர் இல்லயாம், சின்னப் பொண்ணோட ரஃப் நோட்டுல கிழிச்சது, மேல பாதியில அந்தப் புள்ள போட்ட பெருக்கல் கணக்கு, கீழ பாதியில எங்கம்மா கையெழுத்துல ஒம்பது கடன். பைய வித்த 300ம் மூத்த பையன் பத்தாவது பரீட்சை பீஸுக்குப் போயிருக்கு, அத எங்கம்மா கேக்கல, அவங்களா சொன்னாங்களாம்.

அடுத்த திங்கக்கிழமை வருமான சான்றிதழுக்கு பெங்களூர் ஒன் கவர்மென்ட் சேவை சென்டருக்கு அவங்கள கூட்டிட்டுப் போறோம், ரேஷன் கார்டுல பேரு மாத்தறதும் சேர்த்து. மாலை வகுப்பு டீச்சர், உங்க சந்துல மாமியார் பேர எடுத்தீங்களே, இறப்பு சான்றிதழ் இல்லாதவங்களுக்கு நீங்க என்ன பண்ணீங்க? இவங்க மாமியார் செத்தது ஊர்ல, அங்க பதிவே பண்ணலயாம். தெரிஞ்சா சொல்லுங்க, திங்கக்கிழமைக்குள்ள வேணும்.